இடது காது மட்டும் வெள்ளை

ஏப்ரல் 8

வந்து சேர்ந்தேன்.

கோடைக்கால கிராம ஊழியம், நாற்பது நாள். கரிசல் காட்டு ஊர்களுக்கு ஜீப்பில் போய் மாலையில் சுவிசேஷம் சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள், இந்த வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் சேகரக் குருவானவர் வருவார். அவர் முன்னாலும் ஊர் முன்னாலும் நான் என் சாட்சியைச் சொல்ல வேண்டும். நான் முன்பு எப்படி இருந்தேன், இயேசு என்னை எப்படிச் சந்தித்தார், இப்போது எப்படி இருக்கிறேன். சொன்னால் சுவிசேஷகர் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் மறுபடி அத்தை வீட்டு மாடி அறை. தத்துவத்தில் எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் அந்த அறையில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாயிற்று.

விசுவாசம் உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கவில்லை. ஜீப் ஓட்டத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். தெரியாது.

குழுவில் நாலு பேர். உபதேசியார் ஞானாபரணம் தலைவர், ஓட்டுநரும் அவரே. வயது அறுபது. படிவம் நிரப்புவதில் தீராத ஆசை. லீலா அக்கா ஊர்ப் பெண்களைப் பார்த்துப் பேசி ஜெபிக்கிறவர். சமையலும் அவர் தலையில். சொர்ணராஜ் அண்ணாச்சி தினமும் மேடையில் சாட்சி சொல்கிறவர். பிறகு நான், அசரியா.

நான் இங்கே பார்வையாளன் மட்டுமே. பிறகு மறந்துவிடாமல் இருக்க இதை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9

ஒலிபெருக்கி ஓடுவதும் ஜீப்பின் பேட்டரியில்தான். கூட்டம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் ஜீப் கிளம்பாது. இன்று தாண்டியது. வேடிக்கை பார்த்தவர்கள் கூடித் தள்ளினார்கள். கேட்டவர்கள் இருபது பேர். தள்ளியவர்கள் நாற்பது பேர்.

உபதேசியார் படிவத்தில் 'பங்கேற்றோர்: 60' என்று எழுதினார்.

ஏப்ரல் 11

லீலா அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே என் பாவங்களை விசாரித்தார். சாட்சிக்கு இப்போதே அஸ்திவாரம் போட்டால்தான் மே மாதம் நிற்குமாம்.

குடி உண்டா என்றார். இல்லை. சீட்டு? விளையாடத் தெரியாது. பெற்றோரை எதிர்த்துப் பேசியது? அப்பா பேசவே மாட்டார், எதிர்க்க ஒன்றும் இருந்ததில்லை. பெண் விவகாரம் என்று கேட்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"சிகரெட்டாவது?"

"ஒரு தடவை. இருமல் வந்துட்டு."

"அதை வச்சுப் பத்து நிமிசம் ஓட்டலாம்" என்றார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

உபதேசியார் சொன்னார், நாலு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் சங்கடமாம். மனந்திரும்புவதற்கு எங்கேயாவது போயிருக்க வேண்டுமே.

ஏப்ரல் 14

சொர்ணராஜ் அண்ணாச்சியின் சாட்சியை இன்றுதான் முழுதாகக் கேட்டேன். மற்ற நாட்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வார்த்தைகள் காதில் விழுவதில்லை.

அவர் தையல்காரர். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு குருவானவர் வெள்ளை அங்கி தைக்கக் கொடுத்தார். தைத்து முடித்தார். தோள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தானே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கழற்ற மனம் வரவில்லை. அரை மணி நேரம் நின்றார். யாருடைய உடுப்பு இது, எனக்கு ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்று அழுதார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனார்.

கூட்டம் சிரித்தது. அங்கியைத் திருப்பிக் கொடுத்தாரா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கொடுத்தேன் என்றார். அப்போதும் சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது என்னிடம் வந்தார். போன வருடக் குழுவில் ஒருத்தருக்கு மூன்று வெட்டுக்குத்து, ஒரு ஜெயில், அவர் பேசினால் கோழி கூட அசையாது என்று ரொம்ப நேரம் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீ படிச்சவன். நம்ம கதையைக் கொஞ்சம் தூக்கிக் குடு."

ஏப்ரல் 15

தூக்கிக் கொடுத்தேன்.

யோசித்துத்தான் செய்தேன். கொலை வேண்டாம், போலீஸ் வரும். களவு போதும். நகை என்றால் எல்லாரும் சொல்வது. ஓர் ஆடு. ஆடு என்றால் போதாது, எந்த ஆடு என்று தெரிய வேண்டும். கறுப்பு ஆடு. இடது காது மட்டும் வெள்ளை. கழுத்தில் சிவப்புக் கயிறு. ஏதோ ஒரு கிராமம். தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஆடு அவர் காதருகே மூச்சு விடுகிறது. அந்த மூச்சு மனசாட்சி.

விவரம்தான் நம்பவைக்கும். அண்ணாச்சிக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். எண் ஏதாவது வந்தால் பத்து என்று சொல்லாதீர்கள், ஒன்பது என்று சொல்லுங்கள். ஒன்பது என்றால் எண்ணிப் பார்த்தது போல இருக்கும்.

இது பொய் இல்லை. நடந்ததைவிட உண்மையான ஒன்று. இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 17

ஆடு ஜெயித்தது. காது வெள்ளை என்றபோது முன்வரிசையில் ஒரு பெண் 'ஐயோ' என்றாள்.

உபதேசியார் கண் கலங்கிப் போய் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் இதை ஏன் மறைத்தாய் சொர்ணம் என்றார். அண்ணாச்சி, வெட்கம் ஐயா என்றார். அது மட்டும் உண்மை.

ஜீப்பைத் தள்ள அறுபது பேர்.

ஏப்ரல் 22

ஆடு வளர்கிறது. இப்போது மழை பெய்கிறது. ஒரு நாய் துரத்துகிறது. நேற்று முதல் ஆடு சினையாக இருக்கிறது. இவை நான் எழுதியவை அல்ல.

லீலா அக்கா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். கயிறு இருக்கிறதே, நடத்திக் கூட்டிப் போகாமல் ஏன் தோளில் தூக்கினீர் என்று. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். மறுநாள் முதல் ஆட்டுக்கு ஒரு கால் நொண்டி.

ஏப்ரல் 26

எல்லாரும் அழுகிறார்கள். எனக்கு மட்டும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. வெயில்.

மே 2

ஓடைச்செவல். கடைசிப் பதினாறு நாளும் இதே ஊர்தான். கிறிஸ்தவ வீடு ஒன்றுகூட இல்லை. பழைய கடலைக் குடோன் ஒன்றில் தங்கல். ஒரே ஒரு மின்விசிறி. அது காலை ஜெபம் நடக்கும் மூலையில் இருக்கிறது. ஆகவே காலை ஜெபத்துக்குப் போகிறேன்.

மாலைக் கூட்டத்தில் ஒரு விபத்து. ஏழரைக்கு டிவியில் தொடர். ஏழு இருபதுக்கே பெண்கள் எழுந்து சேலையைத் தட்டினார்கள். ஆடு அப்போதுதான் தோளில் ஏறியிருந்தது. அண்ணாச்சி பார்த்தார். மைக்கை வாயோடு ஒட்டினார்.

"அது எந்த ஊரு ஆடு தெரியுமா? இந்த ஊரு ஆடுதான். பதினோரு வருசத்துக்கு முன்ன."

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏன் பதினோரு வருடம் என்று பிறகு கேட்டேன். பத்து என்றால் பொய் மாதிரி இருக்கும் என்றார்.

மே 3

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் மாடத்தி, ஐம்பது வயது இருக்கும். பின்னால் ஆறேழு பெண்கள். நேராக அண்ணாச்சி முன்னால் போய் நின்று, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீருதானா அது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இன்று ரசம்கூட இல்லை, பார்ப்பதற்கு.

"கயிறு என்ன நெறம்?" என்றாள்.

"செவப்பு" என்றார் அண்ணாச்சி, கேட்காத குரலில்.

மாடத்தி பின்னால் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியளா. செவப்புக் கயிறு." மறுபடி அண்ணாச்சியிடம் திரும்பி, "மன்னிச்சிட்டேன். நாளைக்குக் காலைல எங்கூட ஓர் இடத்துக்கு வாரும்" என்றாள். போய்விட்டாள். உபதேசியார் ஓடிப் போய்ப் படிவத்தை எடுத்துவந்தார்.

மீதியை லீலா அக்கா அந்தப் பெண்களிடம் கேட்டு வந்து சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் மாடத்தியின் ஆடு நிஜமாகவே காணாமல் போயிருக்கிறது. அண்ணன் சுடலைக்கண்ணுதான் எடுத்தான் என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். அவர் கோயிலில், ஊர் பார்க்க, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டார். அன்று முதல் பேச்சு இல்லை. வீடு எதிரெதிரே. அவள் கூட்டும் குப்பை அவர் பக்கம் போனதில்லை, அவர் கோழி இவள் பக்கம் வந்ததில்லை. அண்ணன் மகள் கல்யாணம் நடந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாளாம். பந்தல் கால் இவள் வாசலில்தான் ஊன்றியிருந்ததாம்.

புள்ளிவிவரப்படி பார்த்தால், எந்த ஊரிலும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஓர் ஆடு காணாமல் போயிருக்கத்தான் செய்யும். இதில் என் பங்கு என்று தனியாக ஒன்றும் இல்லை.

மே 4

அவள் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஊர் பின்னால் போனது. நானும்.

பன்னிரண்டு அடி அகலத் தெரு. அதைக் கடக்க அவளுக்கு ரொம்ப நேரமானது. அண்ணன் வாசலில் நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை.

"இந்தா, இவுகதான் எடுத்தது. நீங்க இல்ல."

சுடலைக்கண்ணு உயரமான ஆள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"நீரா எடுத்தீரு?"

"ஆமா, நான்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"நான்தான் எடுத்தேன்."

"எந்த ஆட்டை?"

அண்ணாச்சி நிறம், காது, கயிறு எல்லாம் சொன்னார். சுடலைக்கண்ணு தங்கையைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்தாள். இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டார். பதினோரு வருடப் பழி நீங்கிய அதிர்ச்சி என்று நினைக்கிறேன். ஆண்களுக்கு இது தண்ணீர்த் தாகமாக வெளிப்படும் போல.

பிறகு மதினிக்காரி வெளியே வந்து மாடத்தியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுத சத்தத்தில் தெருவில் நாய்கள் ஓடின.

பகை தீர்ந்து சேர்ந்தவர்களுக்கு, 'ஒப்புரவானோர்' என்று, படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. உபதேசியார் ஓரத்தில் கோடு போட்டுக் கட்டம் உண்டாக்கினார்.

மே 6

சுடலைக்கண்ணு வீட்டில் விருந்து. ஆடு அடித்திருந்தார்கள். திருடியவருக்குத்தான் முதல் இலை. சுடலைக்கண்ணு தன் கையாலேயே அண்ணாச்சிக்குப் பரிமாறினார். குழம்பு இலையைத் தாண்டிப் போனது. இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று அவரே சொல்லி அவரே வைத்தார். அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும்தான்.

சுடலைக்கண்ணு சாப்பிடவில்லை. விரதமாம். என்ன விரதம் என்று சொல்லவில்லை.

மே 7

தெருப் பிள்ளைகள் அண்ணாச்சியைப் பார்த்தால் ஆடு மாதிரி கத்துகிறார்கள். இட்லிக் கடையில் அவர் வந்தால் இட்லித் தட்டை மூடிவைக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வருகிறார். நான் பின்னால் நடக்கிறேன், கொஞ்சம் இடைவெளி விட்டு.

மே 8

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. நான் ஒரு பொய்யை உண்டாக்கினேன். அதைச் சுமக்கிறவர் வேறு ஆள். அது என்னைக் குத்துகிறது.

அதாவது, எனக்கும் ஒரு பாவம் கிடைத்துவிட்டது.

உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். ஓர் ஆத்துமாவின் அகந்தை, கற்பனையின் ஆபத்து, ஆடு, வீழ்ச்சி, அறிக்கை. மூன்றாம் பக்கத்தை எனக்கே இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு முன்பும் ஒரு பின்பும் இருக்கின்றன. பதினேழாம் தேதி குருவானவர் முன்னால் இதைச் சொல்வேன். உண்மையும் வெளிவரும், வேலையும் கிடைக்கும். இப்படி இரண்டும் பொருந்திப்போவது அபூர்வம்.

மே 9

மின்சாரம் இல்லை. காலை ஜெபத்துக்குப் போனேன்.

மே 12

ஊர் முன்னால் சொல்வதற்கு முன் மாடத்தியிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று போனேன். வாசலில் உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு மதினி கொடுத்துவிட்ட மோர்ச் சொம்பு பக்கத்தில்.

நின்றுகொண்டே ஒப்பித்தேன். அண்ணாச்சி ஆட்டைத் தொட்டதே இல்லை, தையல்காரர், அந்த ஆடு என் கற்பனை, கறுப்பு நிறம் நான் போட்டது, வெள்ளைக் காது நான் வைத்தது. மன்னிக்க வேண்டும் என்று முடித்தேன். தும்மல் வந்தது. வத்தல்.

அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"என் ஆடு செவலை" என்றாள். "ரெண்டு காதும் செவலை."

நான் குனிந்து ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன்.

"நொண்டியும் இல்ல. சினையும் இல்ல. அது கெடா, தம்பி."

அப்படியென்றால் அன்று கயிற்றின் நிறத்தை மட்டும் ஏன் கேட்டீர்கள் என்றேன். வேறு எதைக் கேட்டாலும் தப்பாகச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது என்றாள். கயிறு என்றால் எந்த ஊரிலும் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பச்சை என்றிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாளாம்.

யார் எடுத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டுக்குத் திடீரென்று சம்பந்தம் பேச ஆள் வந்துவிட்டார்களாம். வீட்டில் ஆக்கிப்போட ஒன்றும் இல்லையாம்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். கேக்கல. அதான் எனக்குக் கோவம். கத்திட்டேன். அவுக சூடத்த அணைச்சிட்டாக. பெறவு நான் அந்தப் படி ஏறினா நான் சொன்னது பொய்யின்னு ஆவும். அவுக எறங்கி வந்தாச் சத்தியம் பொய்யின்னு ஆவும். ரெண்டு பேரும் எங்க போக?"

வத்தலை முறத்தில் தட்டினாள்.

"பதினோரு வருசமா நான் தேடினது ஆட்ட இல்ல. ஒரு களவாணிய. ஊருல ஒருத்தனும் கெடைக்கல. நீங்க ஜீப்புல கொண்டாந்து எறக்குனிய."

பதினேழாம் தேதி நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு?"

மோர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

மே 13

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடோன் வாசலில் உட்கார்ந்து உபதேசியாரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. அந்த வீட்டில் இலை போடும்போதே தெரியும் என்றார். தன்மேல் பழி விழவைத்த திருடனுக்கு எவனும் இப்படி அள்ளி வைக்கமாட்டான், கடன்பட்டவன்தான் வைப்பான்.

பிறகு ஏன் நான்தான் என்று சொல்லிக்கொண்டே நின்றீர்கள்?

நூலைப் பல்லால் கடித்தார். "முதல்ல பயந்து சொன்னேன். அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதாகல்லா, பெறவு வேணும்னே சொன்னேன்."

எல்லாரும் உங்களைத் திருடன் என்கிறார்களே.

"என்னத்த தம்பி. எனக்கு அளவு சரியாத்தான் இருக்கு."

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தெரியாமலே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். லீலா அக்கா கேட்காமலே மூன்று குடம்.

மே 15

உபதேசியார் நாளை மறுநாள் சாட்சிக்கு ஒத்திகை கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்றேன். மிளகுப் பால் கொடுத்தார்கள். பொய்க்கு உடனடித் தண்டனை.

மே 16

நாலு பக்கத்தையும் மறுபடி படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, சிகரெட்டை வைத்துப் பத்து நிமிடம் ஓட்ட முடியுமா என்று யோசித்தேன். இரண்டு நிமிடம் வந்தது.

மே 17

நாற்பதாம் நாள்.

குருவானவர் ஐந்து மணிக்கே வந்துவிட்டார். கனமான மனிதர், பிளாஸ்டிக் நாற்காலி அவரைப் பார்த்துப் பயந்தது. மடியில் கறுப்பு அட்டை போட்ட குறிப்பேடு. உபதேசியார் படிவங்களை அடுக்கிக் கொடுத்தார். 'ஒப்புரவானோர்' கட்டத்தில் குருவானவரின் விரல் நின்றது. ஊரே வந்திருந்தது. காரணம், ஜீப் நாளைக்குப் போகிறது, இன்று விட்டால் இனி தள்ள முடியாது.

முன்வரிசைப் பாயில் மாடத்தி. பக்கத்தில் மதினி. பின்னால் சுடலைக்கண்ணு, தலைத்துண்டோடு. மதினி வெற்றிலை மடித்துக் கொடுக்க மாடத்தி வாங்கிப் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். இடையில் ஓர் அரையடி இடம்கூட இல்லை.

பாட்டு முடிந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்தேன். நாலு பக்கமும் சட்டைப் பையில் இருந்தன. எடுக்கவில்லை. மாடத்தி மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அண்ணாச்சி பேட்டரி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார். எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று இப்போது இதில் எழுதினால் பார்வையாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு பேசினேன். பேசியது இவ்வளவுதான்.

"நான் ஒரு பொய் சொன்னேன். அதை இன்னொருத்தர் தன்மேல ஏத்துக்கிட்டார். என்ன பொய்யின்னு சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கு நல்லது, வேற ரெண்டு பேருக்குக் கெடுதல். என்னை மன்னிக்கணும்னு கேட்டிருக்கேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஏழரை மணி ஆயிற்று. தொடர் ஆரம்பித்திருக்கும். ஒருவரும் எழவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்படி என்ன பொய்யிய்யா?" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர், பொம்பளை விசயமாத்தான் இருக்கும் என்றார். லீலா அக்கா, அந்தத் தம்பிக்கா என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஊர் நாலு கட்சியாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. ஆட்டை ஒருவரும் நினைக்கவில்லை. ஆட்டின் திருடன்தான் கிடைத்துவிட்டாரே.

மாடத்தி மறுபடி மெல்ல ஆரம்பித்தாள்.

குருவானவர் குறிப்பேட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒன்றும் எழுதவில்லை.

பேட்டரி இருந்தது. ஜீப் தானாகவே கிளம்பியது. ஊருக்கு ஏமாற்றம்.

மே 18

காலைச் சாப்பாட்டின்போது குருவானவர் கேட்டார். "அது என்ன பொய்?"

சொல்ல முடியாது ஐயா என்றேன். தோசையைப் பிய்த்தார். முப்பத்திரண்டு வருடமாகச் சாட்சி கேட்கிறாராம். ஆரம்பத்தைக் கேட்டதுமே முடிவைச் சொல்லிவிடுவாராம். சட்டினியைத் தொட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். என்னிடம் மட்டும் சொல், குருவானவரிடம் சொல்வதில் தப்பில்லை. தப்பில்லைதான் ஐயா, ஆனால் என் விஷயம் மட்டும் இல்லை என்றேன். கை கழுவும்போது மூன்றாவது தடவையாக, களவு சம்பந்தப்பட்டதா என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி செம்பைக் கீழே போட்டார்.

முடிவு இதுதான். நிரந்தரம் கிடையாது. முழுதாகச் சொல்லாத சாட்சியைக் குழுவின் விதிகள் ஏற்காது. திருப்பியனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை. இன்னும் நாற்பது நாள், அடுத்த வட்டாரம், இதே குழு. அவர் வாரம் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பார். உபதேசியார் காதோடு சொன்னார், இதற்கு முன் அவர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாராம்.

சாமான்களை ஜீப்பில் ஏற்றினோம். மாடத்தி வந்து ஒரு பை வத்தலை லீலா அக்கா மடியில் வைத்தாள். அண்ணாச்சியிடம் மட்டும், "அடுத்த ஊருல பாத்துக் களவாங்கும்" என்றாள்.

பெட்டியை எடுக்கக் குடோனுக்குள் போனேன். உள்ளே சுடலைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். மின்விசிறிக்குக் கீழே. அது ஓடவில்லை.

"தம்பி, நேத்து சொன்னீயளே. பொய் சொன்னேன், என்ன பொய்யின்னு சொல்ல மாட்டேன்னு. அப்படிச் சொன்னாச் செல்லுமா?"

தெரியவில்லை என்றேன். செல்லும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார்.

"எனக்கும் ஒண்ணு கெடக்கு. ஊருக்குச் சொல்ல முடியாது. தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அந்தத் தையக்காரர் முகத்தப் பாக்க முடியல. வேற யாருட்டத்தான் சொல்ல?"

நாற்பது நாளாக மைக்கில் இதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒருவர் கேட்பது இதுவே முதல் தடவை. எம்.ஏ.வில் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இயேசுவிடம் என்றேன்.

"சூடத்துல கை வச்சிப் பொய்ச் சத்தியம் பண்ணுனவன் சொன்னாலும் கேப்பாரா?"

கேட்பார் என்றேன்.

"ஒமக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னேன், நேற்று மைக்கைப் பிடித்து நின்றபோது நானும் அவரிடம்தான் கேட்டேன் என்று. வெளியே உபதேசியார் விடாமல் ஹாரன் அடித்தார். பேட்டரி போயிரும், நிப்பாட்டுங்க என்று லீலா அக்கா சத்தம் போட்டார். சுடலைக்கண்ணு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன், மெதுவாக.